சாவி அவருடையது, வாக்கியம் யாருடையது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் ஆறு பக்கம். அவருடைய சம்மதத்தோடு, ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"நான் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இருந்தார். புறக்கோட்டையில் புடைவைக் கடை வைத்திருந்தவர். தன் வாழ்க்கையைப் புத்தகமாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. 2021இல் தொடங்கி ஒன்றரை வருடம், ஞாயிறு பின்னேரங்களில் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து, அவர் கதைத்ததைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன். கிட்டத்தட்ட 40 மணித்தியாலம் வரும். அதைக் கேட்டுக் கேட்டு 14 அத்தியாயமாக எழுதினேன். மூன்று தவணையில் 75,000 ரூபா தந்தார். ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. 'உன்ர பேரும் போடுவம் பிள்ளை' என்று மட்டும் சொன்னவர். ஓர் அத்தியாயம் ஞாயிறு பத்திரிகை ஒன்றில் 'எழுத்தாக்கம்' என்று என் பெயரோடு வந்தது. அவரே பத்துப் பத்திரிகை வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். 2023இல் 300 பிரதி அடித்துப் புத்தகம் வெளியானது. அட்டையில் அவர் பெயர் மட்டும். என் பெயர் நன்றியுரையின் கடைசியில், 'கணினித் தட்டச்சு' என்று. உள்பக்கத்தில் 'பதிப்புரிமை பதிப்பகத்தாருக்கே' என்று போட்டிருந்தது. வெளியீட்டு விழாவில் மூன்றாம் வரிசையில் இருந்து நானும் கை தட்டினேன்.

சென்ற தை மாதம் பெரியவர் காலமாகிவிட்டார். கனடாவில் இருக்கும் மகன், ஆட்டைத் திவசத்துக்கு இரண்டாம் பதிப்பைச் சென்னையில் ஒரு பதிப்பகத்தைக் கொண்டு அச்சிடப் போகிறார். அதில் நன்றியுரையே இல்லை. சில வசனங்களையும் மாற்றியிருக்கிறார்கள். கேட்டதற்கு, 'அப்பா காசு தந்தவர்தானே அக்கா, டைப் பண்ணினதுக்கு உரிமை கேட்கலாமா' என்கிறார். இங்குள்ள பதிப்பாளரோ, 'ஐஎஸ்பிஎன் எங்கள் பெயரில், உரிமை எங்களுக்குத்தான்' என்கிறார். எனக்குக் காசு வேண்டாம். நான் எழுதினேன் என்று ஒரு வரி வேண்டும். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

இருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவும், அந்த மகன் நினைப்பதைவிட நிறையக் கூடவும் இருக்கிறது.

முதலில் காசு விஷயம். மேசை செய்த தச்சனுக்குக் கூலி கொடுத்தால் மேசை உங்களுடையது. மகன் புத்தகத்தையும் அப்படித்தான் பார்க்கிறார். எழுத்துக்குச் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கைப் புலமைச் சொத்துச் சட்டம், எழுதியவரின் உரிமையை இரண்டாகப் பிரிக்கிறது. அச்சிடுவது, விற்பது, மொழிபெயர்ப்பது, நாடகமாக்குவது எல்லாம் பொருளாதார உரிமை. ஆக்கியவர் என்று தன் பெயர் பிரதியில் போடப்படுவதும், தன் மானத்துக்கோ நற்பெயருக்கோ கேடு வரும்படி எழுத்தைச் சிதைப்பதை எதிர்ப்பதும் தார்மீக உரிமை. முன்னதை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். பின்னது, ஆக்கியவர் உயிரோடு இருக்கும்வரை அவரை விட்டுப் போகாது. பொருளாதார உரிமை முழுவதையும் விற்றுவிட்டாலும் போகாது. வேண்டாம் என்று அவரே விட்டுக்கொடுக்கலாம். அதையும் எழுத்தில், எந்த உரிமையை எந்தச் சந்தர்ப்பத்துக்காக விடுகிறேன் என்று தெளிவாகச் சொல்லித்தான் விட வேண்டும். நீங்கள் அப்படி ஒன்றில் கையொப்பம் வைக்கவில்லை.

பாரதியாரை நினைத்துப் பாருங்கள். 1921இல் அவர் போன பிறகு அவருடைய எழுத்தின் உரிமை குடும்பத்தார், படத்தயாரிப்பாளர் என்று கைமாறி, 1949இல் சென்னை அரசாங்கத்திடம் வந்து சேர்ந்தது. இத்தனை பேர் கையில் இருந்தபோதும் பாட்டின் கீழே வேறு யார் பெயரும் ஏறவில்லையே.

சரி, அந்த 75,000 ரூபா பொருளாதார உரிமையையாவது வாங்கிவிட்டதா? அதற்கும் சட்டம் எழுத்தைத்தான் கேட்கிறது. உரிமையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் கையொப்பமிட்ட எழுத்து இல்லாமல் அந்த உரிமை கைமாறாது. ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் ஒருவரிடம் வேலைக்கு இருந்து, அந்த வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், ஒப்பந்தம் வேறாகச் சொல்லாதவரை முதல் உரிமையாளர் எசமான்தான். பத்திரிகை அலுவலகத்தில் சம்பளத்துக்கு எழுதுகிறவர்களின் நிலை அது. உங்கள் கதை அப்படி அல்ல. மாதச் சம்பளமும் இல்லை, ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி மட்டும்தான்.

இந்த விதிவிலக்கை நான் புத்தகத்தில் படிக்க முன்னமே அனுபவித்துவிட்டேன். கறுப்புக் கோட்டுப் போட்ட புதிதில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் பயிற்சிக்கு இருந்தேன். காணிச் சட்டம் பற்றி இரண்டு கிழமை இரவு இரவாக முழித்திருந்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அது ஒரு மலரில் அவர் பெயரில், அவர் படத்தோடு வந்தது. எனக்கு ஒரு பிரதி தந்து, 'வாசிச்சுப் பாரும், பிரயோசனமாயிருக்கும்' என்றார். நான் எழுதியதை நானே வாசித்துப் பிரயோசனம் அடைந்தேன். பொருளாதார உரிமை அவருக்கா எனக்கா என்று இன்றைக்கும் வாதாடலாம். பெயர் மட்டும் எனக்கு வந்திருக்க வேண்டியது. கேட்க எனக்கு அப்போது துணிவு இல்லை. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுத அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனித்தான் கஷ்டமான கேள்வி. நீங்கள் அந்தப் புத்தகத்தின் ஆசிரியரா?

சட்டம் முதலில் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. வழக்கமான முறையில் யாருடைய பெயர் ஆசிரியராகப் போடப்பட்டிருக்கிறதோ, அவரே ஆசிரியர் என்று எடுத்துக்கொள்ளப்படும்; மாறாக நிரூபிக்கும் வரை. அட்டையில் இருப்பது பெரியவரின் பெயர். ஆகவே நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில். 'நான்தான் இரவெல்லாம் இருந்து எழுதினேன்' என்பது நிரூபணம் ஆகாது. எந்தப் பக்கத்தில் எதை என்று காட்ட வேண்டும்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். தமிழருக்கு எதிரான கலவரம் கொழும்பெங்கும் பரவிய 1983 ஜூலை 25 காலை பற்றிப் பெரியவர் சொன்னது, பதிவில் உள்ளபடி:

"அண்டைக்குக் கடை திறக்கேல்ல… இல்ல, திறந்தனான், பத்து மணிக்குப் பூட்டிப்போட்டன். பொடியன் ஓடி வந்து சொன்னவன், முதலாளி, பொரளைப் பக்கம் புகை எண்டு. பிறகு… அதை விடு பிள்ளை. தேத்தண்ணி குடிச்சனியே?"

புத்தகத்தில் ஒன்பதாம் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது:

"திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் கடையை என் கையாலேயே பூட்டினேன். முப்பத்தொரு வருடத்தில் பகலில் அதைப் பூட்டியது அதுவே முதல் தடவை. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். சாவி இன்றும் என்னிடம் இருக்கிறது. பூட்டுத்தான் இல்லை."

இதில் யாருக்கு எது? கடை பூட்டிய நேரம், பொரளைப் புகை, அந்தக் கிழமையில் புறக்கோட்டை எரிந்தது, பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் படுத்தது, இவை நடந்தவை. நடந்தது யாருக்கும் சொந்தம் இல்லை. பெரியவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. நாளைக்கு வேறொருவர் அதே நாளைப் பற்றி எழுதலாம், உங்களிடமோ அவர் மகனிடமோ கேட்க வேண்டியதில்லை. சாவி இன்னொரு நாள் அவர் அலுமாரியைத் திறந்து உங்களுக்குக் காட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். சாவி அவருடையது. அதைக் கொண்டுவந்து இந்த இடத்தில் வைத்து, 'பூட்டுத்தான் இல்லை' என்று நிறுத்தியது நீங்கள். சட்டம் காப்பது அந்த நிறுத்தத்தை. எண்ணத்துக்கும் தகவலுக்கும் காப்பு இல்லை, அது சொல்லாக உருவெடுத்த விதத்துக்குத்தான் காப்பு.

ஆனால் இதே புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயம் இருக்கிறதே. யார் அளந்தாலும் துணி ஒரு விரற்கடை கூடவோ குறையவோதான் வரும், வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பேன் என்று அவர் சொல்லும் இடம். அதைச் 'சொன்னபடியே போட்டேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை' என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்த அத்தியாயத்துக்கு நீங்கள் தட்டச்சாளர்தான். மகன் சொன்னது அந்த அளவில் உண்மை. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பேச்சும் விரிவுரையும் பிரசங்கமும் மற்ற வாய்மொழி ஆக்கங்களும் நம் சட்டத்தில் காப்புக்கு உரியவையே. பெரியவர் விறாந்தையில் இருந்து கதைத்ததும் ஓர் ஆக்கம்தான். கட்டிச் சொல்லத் தெரிந்தவர் அவர். உங்கள் துண்டுகளைப் பார்த்தாலே தெரிகிறது. நாற்பது மணித்தியாலத்தையும் வெறும் மூலப்பொருள் என்று நீங்கள் தள்ளினால், உங்களை வெறும் விரல் என்று மகன் தள்ளுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே என் கருத்து, இது கூட்டு ஆக்கம். ஒருவர் வாழ்ந்து, சொன்னார். மற்றவர் தெரிந்தெடுத்து, ஒழுங்குபடுத்தி, எழுதினார். இரண்டு பேரும் ஆசிரியர்கள், இரண்டு பேரும் முதல் உரிமையாளர்கள். 'நானே ஆசிரியை, அவர் பெயரை எடு' என்று போனால் நீங்கள் தோற்பீர்கள், தோற்கவும் வேண்டும். 'இணைந்து எழுதியவள்' என்று போனால் நல்ல பிடி இருக்கிறது.

இதற்கு ஒரு வீட்டு வேலை தருகிறேன். புத்தகத்தின் ஒரு பிரதியை எடுத்து 14 அத்தியாயத்தையும் மூன்று நிறப் பென்சிலால் குறியுங்கள். அவர் சொன்னபடியே உள்ளது ஒரு நிறம். அவர் சொன்னதை நீங்கள் திருத்தி எழுதியது ஒன்று. அமைப்பும் சொல்லும் உங்களுடையவை என்றால் மூன்றாவது. ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் பதிவின் திகதியையும் நிமிடத்தையும் எழுதுங்கள். மனச்சாட்சியோடு செய்யுங்கள், எதிர்ப்பக்கச் சட்டத்தரணி ஒரு பந்தியில் உங்களைப் பிழை பிடித்தால் மற்றப் பதின்மூன்று அத்தியாயமும் சந்தேகத்துக்கு வரும்.

பதிப்பாளரின் கதையை நீட்ட மாட்டேன். அச்சுக் கூலியை முழுக்கப் பெரியவரே கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். அவரோ நீங்களோ உரிமையை எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியானால் 'பதிப்புரிமை பதிப்பகத்தாருக்கே' என்ற வரிக்கு ஓர் உறுதியும் இல்லை. அடுத்தவன் வளவில் பெயர்ப்பலகை நட்டால் காணி நமக்கு ஆகுமா? வட்டத்துக்குள் சி எழுத்துப் போடுவதும் அவ்வளவுதான். நம் நாட்டில் உரிமை உண்டாக அந்த அடையாளமும் வேண்டாம், பதிவும் வேண்டாம்; எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிப்புரிமையைப் பதிந்து வைக்கும் ஏற்பாடே இலங்கையில் கிடையாது.

ஐஎஸ்பிஎன் பற்றிய மயக்கம் இந்தப் பதிப்பாளருக்கு மட்டும் இல்லை. 'ஐஎஸ்பிஎன் எடுத்திட்டன், இனி ஒருத்தரும் தொட ஏலாது' என்று நெஞ்சை நிமிர்த்தும் கவிஞர்கள் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். அது புத்தகத்தை அடையாளம் காணும் ஓர் எண். கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது. நம் நாட்டுப் புத்தகங்களில் 955 அல்லது 624 என்று வரும் இலக்கம் இலங்கையைத்தான் குறிக்கிறது. கடையில் தேடவும் கணக்கு வைக்கவும் உதவும். யார் எழுதினார், யாருக்குச் சொந்தம் என்று அந்த எண் ஒன்றும் சொல்லாது. இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், கையெழுத்துப் பிரதியைத் தனக்குத் தானே பதிவுத்தபாலில் அனுப்பி உடைக்காமல் வைப்பது. திகதிக்கு ஒரு சிறிய சாட்சியாகலாம். உறையைத் திறந்து வைத்து அனுப்பிவிட்டுப் பிறகு எதையும் உள்ளே போடலாம் என்பதை நீதிபதியும் அறிவார்.

இப்போது மகனிடம் வருவோம். அப்பாவின் பங்கு அவருக்கும் மற்ற வாரிசுகளுக்கும் போகிறது. பெரியவரின் பெயரைக் காக்கும் உரிமையையும் அவர்கள்தான் இனிப் பயன்படுத்துவார்கள். அதில் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டு ஆக்கத்தை ஒரு பக்கம் மட்டும் கையொப்பமிட்டுச் சென்னைக்கு விற்க முடியாது. உங்கள் கையொப்பமும் வேண்டும். அதே நியாயம் உங்களுக்கும் பொருந்தும். கோபத்தில் நீங்கள் தனியாக 'உண்மைப் பதிப்பு' என்று ஒன்று போட்டால், அன்றைக்கு உரிமை மீறியவர் நீங்களாவீர்கள். ஆசிரியரின் ஆயுளும் அதற்கு மேல் 70 வருடமும் என்பது நம் சட்டத்தின் காப்புக் காலம். கூட்டு ஆக்கத்தில் கடைசியாக மறைபவரின் நாளிலிருந்து எண்ண வேண்டும். அதாவது உங்கள் ஆயுள் நீள நீள மகனின் பங்குக்கும் காலம் நீள்கிறது. நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என்று அவர் நேர்த்தி வைப்பதுதான் அவருக்கு இலாபம். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், குரல் மாறும்.

முதற்பதிப்பைக் களவு என்று சொல்ல வேண்டாம். எழுத்தில் அனுமதி இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் கோப்பை நீங்களே கொடுத்தீர்கள், விழாவுக்கும் போனீர்கள். அதைக் களவு என்றால் எந்த நீதிபதியும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்களைப் பார்ப்பார். உங்கள் குறை பெயரைப் பற்றியது, இரண்டாம் பதிப்பைப் பற்றியது. அங்கேயே நில்லுங்கள்.

மாற்றிய வசனங்கள் பற்றி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'பூட்டுத்தான் இல்லை' என்பதை எடுத்துவிட்டு, 'அச்சாவி இன்றும் எனது வாழ்வின் நினைவுச் சின்னமாக விளங்குகின்றது' என்று மாற்றியிருக்கிறார்களாம். வாசித்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் உங்கள் மானத்துக்கோ நற்பெயருக்கோ கேடு என்று நீதிமன்றத்தை நம்பவைக்க இது காணாது. ரசனைக் குறைவுக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் இன்னும் வரவில்லை. வந்தால் நம் வாழ்த்துரைகள் பாதி மறியலில் இருக்கும். கூட்டு உரிமையாளர் என்ற முறையில் 'என் சம்மதம் இல்லாமல் மாற்றாதே' என்று கேட்கலாம். பேச்சுவார்த்தையில் இதை ஒரு கோரிக்கையாக வையுங்கள், தனி வழக்காக வேண்டாம்.

என்ன செய்யலாம்? ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்கிறீர்கள். அச்சுக்குப் போக முன்னர் நிறுத்துவது மலிவு, போன பிறகு செலவு. ஆகவே இந்தக் கிழமையே ஒரு கடிதம். முதற்கடிதத்தைச் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதமாக அனுப்பாமல் நீங்களே எழுதுங்கள். பதிவுத்தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. சென்னைப் பதிப்பகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். இலங்கையும் இந்தியாவும் பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான பேர்ன் உடன்படிக்கையில் இருக்கின்றன, நாம் 1959இலிருந்து. அதனால் உங்கள் உரிமைக்கு அங்கும் மதிப்பு உண்டு. அவர்களுடைய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் ஆசிரியர் தன்னை ஆசிரியர் என்று கோரலாம் என்கிறது. உரிமைத் தகராறு இருக்கிறது என்று தெரிந்தால் நல்ல பதிப்பாளர் எவரும் இயந்திரத்தை ஓட்டமாட்டார். மகனைவிட அவர் சீக்கிரம் பதில் எழுதுவார், பாருங்கள்.

கடிதத்தில் திட்டு வேண்டாம், பெரியவர் ஏமாற்றினார் என்ற சொல்லும் வேண்டாம். இறந்தவர் தன் தரப்பைச் சொல்ல வரமாட்டார். அவர் பத்துப் பத்திரிகை வாங்கிக் கொடுத்தவர் என்பதைத்தான் நான் முன்னே வைப்பேன். கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். அட்டையிலும் தலைப்புப் பக்கத்திலும் அவர் பெயருக்குக் கீழே 'எழுத்தாக்கம்' என்று உங்கள் பெயர். எழுத்து அளவு எவ்வளவு என்றுகூட எழுதிவிடுங்கள். கேட்காவிட்டால் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவில் போடுவார்கள். சட்டமும் பெயர் நன்கு தெரியும்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பதிப்புரிமை வரியில் பெரியவரின் வாரிசுகளும் நீங்களும். நன்றியுரையைத் திரும்பவும் சேர்த்தால், அதில் 'கணினித் தட்டச்சு' என்பது வரக்கூடாது. மாற்றங்களுக்கு இரு பக்கச் சம்மதம். இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் பிறகு என்னிடம் வரத் தேவையே இல்லை.

காசு வேண்டாம் என்று கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். வேண்டாம் என்பது உங்கள் மனசு. அதை எழுதினால் விட்டுக்கொடுத்ததாகிவிடும். நம் பதிப்புலகில் 10 வீத உரிமைத்தொகை என்று பேசுவார்கள். கையில் வாங்கியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. இருந்தாலும் உங்கள் பங்கு அரைவாசி என்று எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது இதைச் சிங்களத்தில் மொழிபெயர்க்கவோ நாடகமாக்கவோ கேட்டால், அன்றைக்கு உதவும்.

பதில் வராவிட்டால் இரண்டு வழி. மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. உரிமை பாதிக்கப்பட்டவர் அங்கே பணிப்பாளர் நாயகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவர் விசாரித்துத் தீர்மானிப்பார். அந்தத் தீர்மானம் இரு பக்கத்தையும் கட்டும். பிடிக்காதவர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். மற்ற வழி, புதுக்கடையில் வணிக மேல் நீதிமன்றம். தடையுத்தரவு, நட்டஈடு எல்லாம் அங்கே. நட்டத்தைக் கணக்குக் காட்டி நிரூபிப்பது சிரமமான வழக்குகளுக்காகச் சட்டமே 50,000 ரூபாவிலிருந்து 10 இலட்சம் வரை ஒரு தொகையை வைத்திருக்கிறது. 300 பிரதிப் புத்தகத்துக்கு அந்தப் படிக்கட்டு ஏறுவது, பல்லிக்குப் பீரங்கி வைத்த மாதிரி. அச்சு தொடங்கிவிட்டது என்று தெரிந்தால் மட்டும் யோசிப்போம். வேண்டுமென்றே மீறினால் ஆறு மாத மறியல், ஐந்து இலட்சம் தண்டம் என்று குற்றவியல் பிரிவும் உண்டு. அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். ஒரே ஒழுங்கையில் இருந்தவர்கள் நீங்கள்; பெரியவரின் மனைவி இன்னும் அங்கேதானே இருக்கிறார். உண்மையில், மகனுக்கு எழுத முன்னர் அந்த அம்மாவிடம் ஒருதடவை போய்க் கதையுங்கள் என்பேன். ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணி ஊற்றித் தந்தவருக்கு யார் எழுதியது என்று தெரியும்.

கடைசியாகச் சாட்சி. அந்த ஞாயிறு பத்திரிகைதான் உங்களிடம் உள்ள மிகப் பெரிய ஆயுதம். அவர் உயிரோடு இருந்தபோது, அவர் அறிய, உங்கள் பெயரில் வந்தது. வெட்டி ஒட்டிய துண்டு காணாது, திகதி தெரியும் முழுப் பக்கம் வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் கொழும்பு 7 தேசிய சுவடிக்கூடத்தில் பழைய பத்திரிகைகள் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகளை அழிக்காதீர்கள், 'ஒன்பதாம் அத்தியாயம் வாசிச்சன், அழுதிட்டன்' என்ற அந்த ஒன்றை முக்கியமாக. ஒரு தட்டச்சாளரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒலிப்பதிவுகளை நீதிமன்றத்தில் காட்ட 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. வழக்கு விசாரணைக்கு 45 நாளுக்கு முன்னரே எதிர்ப்பக்கத்துக்கு அறிவிக்க வேண்டும், கேட்டால் மூலத்தைப் பரிசோதிக்கவும் விட வேண்டும். மூலம் என்றால் நீங்கள் பதிவு செய்த அந்தப் பழைய கைத்தொலைபேசி. திரை உடைந்து லாச்சிக்குள் கிடக்கிறது, கொடுத்துப் புதிது வாங்கப் போகிறேன் என்று ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். திருத்தக் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம். மின்னேற்றி வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்து, நாற்பது மணித்தியாலத்தையும் வேறு இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, போனை ஒரு துணியில் சுற்றிப் பழைய இடத்திலேயே வையுங்கள்.